முந்நூறு பிழைத்திருத்தச் சீட்டுகள்

அந்தப் பேராசிரியரின் கணக்குப் பதிவியல் புத்தகத்தைப் பதினொரு பதிப்புகளுக்கு நான் தட்டச்சு செய்தேன். அவற்றில் பத்துப் பதிப்புகளில் ஒவ்வொரு கணக்கையும் போட்டுப் பார்த்துத் திருத்தவும் செய்தேன். போட்டுப் பார்த்தது அவர் கேட்காமல் நானாகச் செய்த வேலை. அதற்கு அவர் எனக்குச் செய்ததையும், பிறகு நான் அவருக்குச் செய்ததையும் எழுதி வைக்கிறேன். அவர் இப்போது உயிரோடு இல்லை. இருக்கும்போதே எதிர்த்திருக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். இருக்கும்போதும் நான் சும்மா இருக்கவில்லை.

மந்தைவெளி ரயில் நிலையத்துக்கும் மாட வீதிகளுக்கும் நடுவில் ஒரு சந்தில் எங்கள் கடை. ஒரு ஜெராக்ஸ் மிஷின், இரண்டு கம்ப்யூட்டர், மழை பெய்தால் ஒழுகும் ஒரு மூலை. வேலைக்குச் சேர்ந்தபோது நான் பிளஸ் டூ முடித்திருந்தேன். தமிழ் வழி, வணிகப் பிரிவு. கல்லூரி விண்ணப்பம் வாங்கினேன். அப்பா படுத்த படுக்கையாகிவிட்டதால் அதை நிரப்பவில்லை. பிறகு கடை முதலாளி தன் மகள் வீட்டோடு இருக்கப் போனபோது வாடகையை என் தலையில் போட்டுக்கொண்டு கடையை நானே எடுத்து நடத்தத் தொடங்கினேன். இன்றும் நடத்துகிறேன். ஆட்களோடு பேச எனக்குக் கூச்சம். வருபவர்கள் காகிதத்தை நீட்டுவார்கள், நான் எத்தனை பிரதி என்று விரலால் கேட்பேன். நாள் ஓடிவிடும்.

பேராசிரியரைப் பற்றி ஊர் சொல்லும் நல்லதெல்லாம் உண்மை. அதை மறைத்துவிட்டு என் கதையைச் சொன்னால் நானும் அவரைப் போல ஆகிவிடுவேன். தமிழில் பி.காம் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒழுங்கான புத்தகம் இல்லாத காலத்தில் அவர் எழுதினார். பச்சை அட்டை போட்ட புத்தகம். கடைகளில் 'பச்சை இருக்கா' என்று கேட்டாலே எடுத்துக் கொடுப்பார்கள். காலை ஆறு மணிக்குத் தன் வீட்டு மொட்டை மாடியில் பாடம் நடத்துவார். இல்லாத பிள்ளைகளிடம் காசு வாங்க மாட்டார். தி. நகரில் பெயர்ப்பலகை மாட்டியிருக்கும் ஆடிட்டர்களில் பலர் அந்த மாடியில் சப்பணமிட்டு உட்கார்ந்தவர்கள். நான் புரூப் கொண்டு போகும் நாட்களில் படிக்கட்டிலேயே நின்று கேட்டிருக்கிறேன். இருப்புநிலைக் குறிப்பை ஒரு வீட்டைப் போல விளக்குவார். இந்தப் பக்கம் வீட்டில் என்னென்ன இருக்கிறது, அந்தப் பக்கம் அதெல்லாம் யாருடைய பணத்தில் வந்தது. அவ்வளவுதான் என்று கையைத் தட்டுவார். பள்ளியில் இரண்டு வருடம் புரியாதது எனக்கு அந்தப் படிக்கட்டில் புரிந்தது.

ஆனால் அவர் புத்தகம் எழுதிய விதம் வேறு. ஒவ்வொரு பதிப்பிலும் கணக்குகளின் எண்களை மாற்றுவார். கணக்கு அதே கணக்குதான். போன வருடம் வாடகை ஆறாயிரம் என்றால் இந்த வருடம் எட்டாயிரம். அண்ணன் படித்த பழைய புத்தகத்தைத் தம்பி வைத்துக்கொள்ள முடியாது. புதுசு வாங்கியாக வேண்டும். பதிப்பகத்துக்கு அது பிடித்திருந்தது. பழைய புத்தகத்தின் மேலேயே சிவப்புப் பேனாவால் எண்களை அடித்து மாற்றி என்னிடம் அனுப்புவார். வினாவில் மாற்றுவார், விடையில் ஓரிடத்தில் மாற்றுவார், இன்னோரிடத்தில் விட்டுவிடுவார். இறுதிச் சரக்கிருப்பு வியாபாரக் கணக்கில் புது எண்ணாக இருக்கும். இருப்புநிலைக் குறிப்பில் பழைய எண்ணாகவே நிற்கும். இரண்டு பக்கமும் சேராது. சேராததை அவர் கவனிக்கவும் மாட்டார். சேர்ந்ததாகவே இரண்டு பக்கமும் ஒரே மொத்தத்தை எழுதி அடிக்கோடு போட்டுவிடுவார்.

முதல் முறை அதைப் பார்த்தபோது என் கண்தான் தப்பு என்று நினைத்தேன். கெட்டுப்போன ஜெராக்ஸ் தாள்களின் பின்பக்கத்தில் முழுக்கணக்கையும் போட்டுப் பார்த்தேன். என் கண் சரிதான். திருத்தித் தட்டச்சு செய்துவிட்டு, புரூபில் பென்சிலால் சின்னதாக ஒரு டிக் போட்டு அனுப்பினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த பதிப்பில் இன்னும் கூடுதலாகத் தப்புகள் வந்தன. அவர் புரூப் பார்ப்பதையே விட்டுவிட்டார் என்று எனக்குப் புரிந்தது. ஒரு நீளக் குறிப்பேடு வாங்கினேன். பக்கம், கணக்கு எண், அவர் எழுதிய விடை, சரியான விடை. பத்துப் பதிப்பு முடியும்போது அது நான்கு குறிப்பேடுகள் ஆகியிருந்தது. கூலி பக்கத்துக்கு இவ்வளவு என்று தட்டச்சுக்கு மட்டும்தான். நான் கேட்கவும் இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வேலை எனக்கு இனித்தது. இரண்டு பக்கமும் சேரும் நொடியில் எனக்குள் ஒரு கைத்தட்டல் கேட்கும்.

பத்தாவது பதிப்பில் அதிசயமாகப் புரூபைப் புரட்டி, ஒரு கணக்கில் நான் பென்சிலால் எழுதிய திருத்தத்தை அவரே ரப்பரால் அழித்துப் பழைய விடையை எழுதி அனுப்பியிருந்தார். ஏன் என்று தெரியாது. அன்றைக்கு எதற்கோ அவசரம் போல. அப்படியே அச்சானது. சில வாரம் கழித்து வேறு வேலையாக நான் மாடிக்குப் போனபோது ஒரு மாணவன் அந்தப் பக்கத்தை எடுத்துவைத்துக்கொண்டு, "சார், இது டேலி ஆகல சார்" என்று நின்றுகொண்டிருந்தான்.

அவர் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். பிறகு படிக்கட்டில் நின்ற என்னைப் பார்த்தார்.

"இதோ, வந்தாச்சு பாரு! இந்தம்மாகிட்டயே கேளு. ப்ளஸ் டூ படிச்சவங்க கையில புஸ்தகத்தைக் குடுத்தா அதுவும் ப்ளஸ் டூ மாதிரிதான்டா வரும்."

மாடியே சிரித்தது. "சார், பேசாம அக்காவை நம்ம கிளாஸ்ல சேத்துக்கலாம் சார்" என்றான் ஒருவன். "சேத்துக்கலாம், முன்னாடி வரிசையில" என்றார் அவர். மறுபடி சிரிப்பு. நானும் சிரித்தேன். அதுதான் இன்றுவரை எனக்கு ஆறவில்லை. அவர் ரப்பரால் அழித்த தாள் என் கடையில் பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்தும், கொண்டுபோன தாள்களைக் கீழே வைத்துவிட்டு, பல்லைக் காட்டிக்கொண்டு படியிறங்கினேன்.

பதினோராம் பதிப்புக்கான கட்டு வந்தது. முன்னுரையின் கடைசியில் நன்றிப் பட்டியல்: மனைவி, பதிப்பாளர், சக பேராசிரியர்கள் ஏழு பேர். அதற்குக் கீழே சிவப்புப் பேனாவில் புதிதாக ஒரு வரி. 'இந்நூலின் விடைகளில் காணப்படும் பிழைகளுக்குத் தட்டச்சு செய்தவரே பொறுப்பு.' அந்த வரியையும் நான்தான் தட்டச்சு செய்ய வேண்டும். செய்தேன். ஒற்று மிகும் இடமெல்லாம் சரியாகப் பார்த்துச் செய்தேன்.

அதற்குப் பிறகு, அந்தப் புத்தகத்தில் அவர் எழுதியதை அப்படியே அடித்தேன். ஒரு எண்ணைக்கூடத் தொடவில்லை. சேராத இருப்புநிலைக் குறிப்புகளுக்கு அடியில் அவர் போட்ட இரட்டைக் கோட்டை நானும் அழகாகப் போட்டேன். கை பரபரத்தது, இருந்தும் குறிப்பேட்டில் சரியான விடைகளை எழுதிக்கொண்டதோடு நிறுத்தினேன். நாற்பத்தொரு கணக்குகள். சிவப்புப் பேனாத் தாள்களை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பரணில் வைத்தேன்.

புத்தகம் வந்த பிறகு அவர் மாடியில் என்ன நடந்தது என்பதை என் காதால் கேட்கவில்லை. கேட்க ஆசையாக இருந்தது. கடைக்கு வரும் பிள்ளைகள் பேசுவதில் கொஞ்சம் கிடைத்தது. நொச்சிக்குப்பத்திலிருந்து வரும் ஒரு பெண், அம்மா மீன் விற்ற காசில் மாலைக் கல்லூரியில் படிப்பவள், ஒருநாள் பச்சைப் புத்தகத்தை என் மேஜை மேல் போட்டாள்.

"இன்னாக்கா இது? ரெண்டு நாளா போட்டுப் பாத்துக்கினே கீறேன். டேலி ஆவவே மாட்டேங்குது. எனக்குத்தான் மண்டைல ஒண்ணியும் இல்லயா?"

நான் பக்கத்தைப் பார்த்தேன். மெதுவாக, "உனக்கு வந்த விடை என்ன?" என்றேன். சொன்னாள். "அதுதான் சரி" என்றேன்.

"அப்ப புக்கு?"

"புக்கு தப்பு."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "யக்கா, நீ ஜெராக்ஸ் எடுக்கற ஆளுன்னு இல்ல நெனச்சேன்? சாரையே தூக்கிச் சாப்டுருவ போலகீதே!" என்று சிரித்துவிட்டுப் போனாள். அவள் வீணாக்கிய இரண்டு நாளில் எனக்கும் பங்கு உண்டு. அது எனக்குத் தெரியும். அந்தப் பங்கைச் சுமக்க முடியாமல், அதன் பிறகு கேட்டு வந்த பிள்ளைகளுக்கெல்லாம் சரியான விடையைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். கேட்காதவர்களுக்குக் கொடுக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து அவரே கடைக்கு வந்தார். அதுவரை அவர் எங்கள் படியை மிதித்ததில்லை. யாரிடமாவது கொடுத்துத்தான் அனுப்புவார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"ஏம்மா, என்ன பண்ணி வச்சிருக்கே? பதிப்பாளர் கன்னாபின்னான்னு பேசறார்."

நான் பரணிலிருந்து உறையை எடுத்து மேஜையில் வைத்தேன். அவர் கையெழுத்து. நான்கைந்து தாள்களைப் புரட்டினார். அவ்வளவு வேகமாகக் கணக்குப் போடத் தெரிந்த மனிதர், பார்த்தவுடனே தெரிந்துகொண்டார். முகம் சிவந்தது.

"முன்னெல்லாம் சரியா வந்துண்டிருந்ததே?"

"முன்னெல்லாம் நான் போட்டுப் பாப்பேன் சார்."

அவர் தாள்களை அடுக்கி உறைக்குள் வைத்தார். வெளியே ஒரு ஆட்டோ ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது. "சரி. இனிமேயும் பாத்துக்கோ. பக்கத்துக்கு ரெண்டு ரூபா சேத்துத் தரச் சொல்றேன்" என்றார்.

"பணம் வேணாம் சார். அந்தக் கடைசி வரியை எடுத்துடுங்க. அப்புறம், கணக்கு சரிபார்த்தது இன்னாருன்னு ஒரு வரி." அவர் என்றாவது வருவார் என்று, இதைச் சொல்ல நான் முந்தின வாரம் முழுக்கக் கண்ணாடி முன்னால் நின்று பழகியிருந்தேன்.

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. குழந்தை ஏதோ கேட்டது போலச் சிரித்தார். "காமர்ஸ் புஸ்தகத்துல டைப்பிஸ்ட் கணக்கு சரிபார்த்தான்னு போட்டா எவன்மா வாங்குவான்? நீயே சொல்லு." எழுந்தார். தாள்களை எடுத்துக்கொள்ளப் போனார். நான் உறையின் மேல் கையை வைத்தேன். அவர் என் கையைப் பார்த்தார். விட்டுவிட்டுப் போனார்.

அடுத்த பதிப்பு வேறு இடத்துக்குப் போனது. பாடத்திட்டம் மாறியது, அவரும் ஓய்வு பெற்றார். பச்சைப் புத்தகம் கடைகளில் குறைந்து, பிறகு நின்றது. அது தானாக நடந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அதில் என் பங்கு இருந்ததாக நம்பத்தான் பிடித்திருக்கிறது.

போன வருடம் அவர் இறந்தார். நான் சாவுக்குப் போகவில்லை. சில மாதம் கழித்து அவருடைய முதன்மைச் சீடர், தி. நகரில் பெரிய அலுவலகம் வைத்திருக்கும் ஆடிட்டர், கடைக்கு வந்தார். மயிலாப்பூரில் ஒரு மண்டபத்தில் நினைவுக் கூட்டமாம். சார் புத்தகத்தை நினைவுப் பதிப்பாக முந்நூறு பிரதி அச்சிட்டு வருகிறவர்களுக்கெல்லாம் கொடுக்கப் போகிறார்களாம்.

"பழைய ஃபைல் உங்ககிட்டதான்க்கா இருக்கும்னு சார் வீட்டு மேடம் சொன்னாங்க. பதினொண்ணாவது எடிஷன்."

"அதுல தப்பு நிறைய இருக்கு சார்."

"சார் புக்குலயா?" அவர் உரக்கச் சிரித்தார். "அக்கா, சார் கேட்டா அடிக்க வந்துடுவார். டைப்பிங் மிஸ்டேக் ஏதாச்சும் இருந்தா திருத்திடுங்க, அவ்ளோதான்."

"நான் திருத்தித் தந்தா என் பேர் போடுவீங்களா?"

"பேரா? பேர் எதுக்கு? உங்களையும் மேடைக்குக் கூப்பிட்டு ஒரு சால்வை போட்டுடறோம்க்கா. இருபது வருஷம் சாருக்கு டைப் அடிச்சவங்கன்னு. நல்லா இருக்கும்."

நான் ஃபைலை அப்படியே கொடுத்தேன். முன்னுரை, நன்றிப் பட்டியல், அந்த வரி, நாற்பத்தொரு கணக்குகள் எல்லாமே.

மண்டபத்துக்குப் பக்கம் என்பதால், அச்சான புத்தகங்கள் என் கடையில்தான் வந்து இறங்கின. ஒவ்வொன்றிலும் 'நினைவுப் பிரதி' என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டித் தரச் சொன்னார்கள். நான் என் குறிப்பேட்டை எடுத்து, நாற்பத்தொன்றையும் ஒரே தாளில் வரும்படி சின்ன எழுத்தில் அமைத்தேன். மேலே 'பிழைத்திருத்தம்' என்று தலைப்பு. பக்கம், கணக்கு எண், பிழை, திருத்தம். கீழே, 'மூலக் கையெழுத்துப் பிரதியோடு ஒப்பிட்டு, கணக்குகளைப் போட்டுச் சரிபார்த்தவர்' என்று எழுதி, என் பெயர், தலைப்பெழுத்தோடு. மூலத் தாள்கள் கடையில் பார்வைக்கு உண்டு என்றும் ஒரு வரி. மூன்று மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஸ்டிக்கர் ஒட்டிய ஒவ்வொரு புத்தகத்துக்குள்ளும் ஒரு சீட்டை வைத்தேன். முதல் நூறு வரை ஒவ்வொன்றுக்கும் வாசலை எட்டிப் பார்த்துக்கொண்டேன். அதற்குப் பிறகு பழகிவிட்டது. அவருடைய மனைவிக்கென்று பட்டுத்துணி சுற்றித் தனியாக வைத்த பிரதியிலும் வைத்தேன்.

கூட்டத்துக்கு ஒரு புதுப் புடவை கட்டிக்கொண்டு போனேன். கடைசி வரிசை. மேடையில் மாலை போட்ட படம். முன்வரிசையில் அவர் மனைவி. வந்தவர்கள் கையில் வாசலிலேயே புத்தகம் கொடுத்துவிட்டார்கள். சீடர் மைக் பிடித்து, "எங்க சார் வாழ்க்கையில ஒரு பைசா டேலி ஆகாம இருந்ததில்ல" என்று தொடங்கினார். அவர் அதைச் சொல்லும்போதே எனக்கு இரண்டு வரிசை முன்னால் ஒருவர் மடியிலிருந்து சீட்டு கீழே விழுந்தது. குனிந்து எடுத்தார். படித்தார். பக்கத்து ஆளிடம் காட்டினார்.

வேறு கூட்டமாக இருந்தால் மடித்துச் சட்டைப் பையில் போட்டிருப்பார்கள். இங்கே இருந்தவர்கள் எல்லோரும் கணக்கர்கள். சேரவில்லை என்று ஒரு சீட்டு சொன்னால் அவர்களால் கூட்டிப் பார்க்காமல் இருக்க முடியாது. ஐந்து நிமிடத்தில் மண்டபம் முழுக்கத் தலைகள் குனிந்திருந்தன. செல்போனில் கால்குலேட்டர். சட்டைப் பையிலிருந்து பேனா. "மச்சி, நூத்திப் பன்னெண்டாம் பக்கம் பாரு, ஸ்டாக்கு ரெண்டு இடத்துல ரெண்டு ஃபிகர்." "எனக்கும் அதேதான் வருது." "டேய், கோட்டைப் போட்டு அமுக்கிட்டாரேடா!" யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எப்படி இருந்தது என்று எழுத எனக்கு வார்த்தை இல்லை. மொட்டை மாடியில் கேட்டதும் இவர்கள் குரல்தானே. சீடர் பேசிக்கொண்டே இருந்தார். அவரை யாரும் பார்க்கவில்லை.

கடைசியில் மேடைக்கும் சீட்டு போய்விட்டது. சீடர் படித்தார். காது சிவந்தது. அவசர அவசரமாக ஒரு பக்கத்தைத் திருப்பினார்.

"ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம். இது சுத்த விஷமம். முப்பத்தாறாவது ஐட்டம் எடுத்துக்கோங்க. தப்புன்னு போட்டிருக்கு. புக்குல பேலன்ஸ் ஷீட் ரெண்டு பக்கமும் கரெக்டா டேலி ஆகுது! டேலி ஆகறது எப்படித் தப்பாகும்? மீதியும் இந்த லட்சணம்தான்."

மண்டபம் பக்கங்களைப் புரட்டியது. சிலர் ஆமாம், சேருகிறதே என்று தலையசைத்தார்கள். பேராசிரியரின் மனைவி திரும்பிப் பின்வரிசைகளைப் பார்த்தார். அப்போது நான் வாயைத் திறக்காவிட்டால் நாற்பத்தொன்றும் விஷமம் ஆகிவிடும். என் பெயரும் அதோடு போகும். எழுந்து நின்றேன்.

"மெஷின்... அக்டோபர்ல வாங்கினது சார்."

"யாரது? சத்தமா பேசுங்க."

"மெஷின் அக்டோபர் ஒண்ணாம் தேதி வாங்கினது. வருஷம் மார்ச்சுல முடியுது. ஆறு மாசத்துக்குத்தான் தேய்மானம். புக்குல ஒரு வருஷத்துக்குப் போட்டிருக்கு. லாபத்துலயும் நாலாயிரம் குறையுது, மெஷின்லயும் நாலாயிரம் குறையுது. அதனால டேலி ஆகும். ஆனா தப்பு."

உட்கார்ந்துவிட்டேன். மூன்றாம் வரிசையில் ஒரு வயதான ஆடிட்டர் புத்தகத்தை மூக்கருகே வைத்துப் படித்தார். "அந்தம்மா சொல்றது கரெக்ட்யா" என்றார். "வினாவுலயே தேதி இருக்கு. நீ படிக்கலயா?" சீடர் மைக்கை அணைத்தார். சால்வையைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

காபி கொடுக்கும் இடத்தில் இரண்டு மூன்று பேர் வந்து என்னிடம் கைகொடுத்தார்கள். மூலத் தாள்களைப் பார்க்க வரலாமா என்று ஒருவர் கேட்டார். வாங்க என்றேன். கூட்டம் கலையும்போது பேராசிரியரின் மனைவி, மருமகள் கையைப் பிடித்துக்கொண்டு, நேராக என்னிடம் வந்தார். கையில் சீட்டு.

"நீதானா?"

"ஆமாம்மா."

"இதைப் படிக்கற பசங்களுக்காகப் பண்ணினியா, இல்ல அவரை அவமானப்படுத்தறதுக்குப் பண்ணினியா?"

பிள்ளைகளுக்காக என்று சொல்லியிருக்கலாம். அவர் அந்த வாசலைத் திறந்துவைத்துத்தான் கேட்டார். சொல்லியிருந்தால் அவர் அழுதிருப்பார், நான் அவர் கையைப் பிடித்திருப்பேன், சீடர் வந்து படம் எடுத்திருப்பார்.

"அவரை அவமானப்படுத்தத்தான்மா" என்றேன்.

மருமகள் "வாங்கம்மா, போலாம்" என்று இழுத்தாள். அவர் நகரவில்லை.

"உன் கணக்கெல்லாம் சரியா இருக்குன்னு சொல்றா எல்லாரும்."

"சரியாத்தான்மா இருக்கும்."

அவர் சீட்டை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனார். நான் இன்னொரு காபி வாங்கிக் குடித்துவிட்டு, கோயில் குளத்தோரமாக நடந்து கடைக்கு வந்தேன்.